பிச்சாவரம் ஆய்வுகளை எங்கே படிப்பது?

கேள்வி: என் மகள் விலங்கியல் இளங்கலை படிக்கிறாள். பிச்சாவரம் காட்டைப் பற்றி புராஜெக்ட் செய்யப்போகிறாளாம். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வுகளை வெளியாட்கள் படிக்க முடியுமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

தாராளமாகப் படிக்கலாம் அம்மா. பணமும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். 'சோத்கங்கா' என்னும் இணையக் களஞ்சியத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்துத் துறையைத் தேடச் சொல்லுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகள் அத்தியாயம் அத்தியாயமாகக் கிடைக்கும். 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம். தமிழ், மொழியியல், வேளாண்மை, பொறியியல் என்று துறைகள் ஏராளம். மகளுக்கு வேண்டியது கடல் உயிரியல். அந்தத் துறை சிதம்பரம் வளாகத்தில் இல்லை. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது.

ஆய்வேட்டின் தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் அத்தியாயத்தை மட்டும் முதலில் படிக்கட்டும். அடுத்து யாரைப் படிப்பது என்று அதுவே காட்டிவிடும்.

ஒரு கட்டுரையை மட்டும் அவசியம் தேடச் சொல்லுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையில் அப்போது பேராசிரியராக இருந்த க. கதிரேசனும் ந. ராஜேந்திரனும் இந்தக் கரையோரத்து 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்து, பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகள் உயிர்ச்சேதத்தைக் குறைத்தன என்று 2005இல் எழுதினார்கள். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்துக்கொண்டு, 'காடு மட்டும் காரணமல்ல. கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே முக்கியம்' என்று மறுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மகளின் புராஜெக்டுக்கு நல்ல கேள்வி ஒன்று கிடைத்துவிடும். அதன் பிறகு பிச்சாவரத்தில் படகு ஏறட்டும்.