உத்தரத்தின் முனை: முத்துக்குளித்துறைக் கரையில் மரக்கூரையைத் தேர்வதும் விதிக்கு உட்படுத்துவதும்

வீட்டின் சுவர், தளம், கூரை மூன்றையும் மரச்சட்டங்களாலேயே எழுப்பும் முறை வட அமெரிக்காவில் பரவலாக இருப்பதால், அங்கே மரவகை, தரம், சட்டங்களுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றை அறிந்த ஒருவர், ஒரு சட்டம் எவ்வளவு தூரத்தைக் கடந்து நிற்கலாம் என்பதை விதிநூலின் அட்டவணையிலேயே பார்த்துக்கொள்ள முடிகிறது. தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினம், மணப்பாடு என நீளும் கரையில் மரத்துக்கு வாய்த்த இடம் வேறு. சுவர் செங்கல்லாகவோ கல்லாகவோ நிற்க, சுவருக்குச் சுவர் கிடக்கும் உத்தரமாகவும், முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கைமரமாகவும், ஓடு அமரும் ரீப்பராகவும் மரம் இங்கே கூரையையும் மச்சையும் தாங்குகிறது. இந்த அளவுகளை ஆசாரியின் கைக்கணக்கே நெடுங்காலம் தீர்மானித்துவந்தது. விதியோ அட்டவணையைத் தருவதில்லை, கணக்கைக் கேட்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்கீழ் அனுமதி பெறும் கட்டடத்தின் மரப்பகுதி, தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் ஆறாம் பகுதியையும், 1994-இலும் 2016-இலும் திருத்தப்பட்ட ஐ.எஸ். 883 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தையும் கொண்டே சோதிக்கப்பட வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டுமானங்களில் மரத்தை விலக்கி, 2020-இல்தான் அந்த விலக்கை நீக்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கான்கிரீட்டில் தேர்ந்த பொறியாளர் பலர் மரக்கணக்கின் முன் தயங்குவதில் வியப்பில்லை.

இந்தத் தர நிர்ணயம் மரத்தை அதன் பெயரால் மட்டும் மதிப்பிடுவதில்லை. எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதைக் குறிக்கும் மீள்தன்மை எண்ணைக் கொண்டு மரவகைகளை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறது. முடிச்சு, வெடிப்பு, நாரின் சாய்வு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கச் சொல்கிறது. அதற்குமேல், மரம் எங்கே இருக்கப்போகிறது என்றும் கேட்கிறது. எப்போதும் உலர்ந்திருப்பது உள்ளிடம், அவ்வப்போது நனைந்து காய்வது வெளியிடம், ஏறத்தாழ எந்நேரமும் ஈரமாயிருப்பது ஈர இடம் என மூன்று நிலைகள் வகுக்கப்பட்டிருக்க, முதலாவதிலிருந்து மூன்றாவதை நோக்கிச் செல்லச்செல்ல ஒரே மரத்துக்கு அனுமதிக்கப்படும் தகைவு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு ஏற்கலாம் எனப்படும் விசை, குறைந்துகொண்டே போகிறது. உப்புக்காற்றும் எப்போதாவது கொட்டித் தீர்க்கும் மழையும் உள்ள கரையில் கணக்கின் முடிவை மாற்றுவது பெரும்பாலும் இந்த மூன்றாம் கேள்விதான். தெருவை நோக்கித் திறந்திருக்கும் தாழ்வாரத்தின் கைமரத்தை உள்ளிட நிலையில் கணக்கிட்டு அனுமதிக்கு அனுப்புவது வழக்கமான பிழை.

முதல் தேர்வு, பழைய வீட்டிலேயே இருக்கும் தேக்கு. மட்டப்பா எனப்படும் தட்டைக்கூரையில் தேக்குச் சட்டங்கள் நெருக்கமாகக் கிடக்க, அவற்றின்மேல் சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் தட்டோடும் பரப்பப்பட்டிருக்கும். இதன் எடை சதுர மீட்டருக்கு 450 கிலோ என்று கொண்டு, ஆள் நடமாட்டத்துக்காக விதி கேட்கும் ஏறத்தாழ 150 கிலோவையும் சேர்த்தால் 600 கிலோ ஆகிறது. 3 மீட்டர் அகல அறையில் 45 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, 75 மில்லிமீட்டர் அகலமும் 150 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள சட்டங்கள் இந்தச் சுமையைத் தாங்கினால், ஒவ்வொன்றிலும் எழும் வளைவுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 11 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நடுத்தொகுதியைச் சேர்ந்த நல்ல தேக்கு உள்ளிடத்தில் இதை ஏற்கும். ஆனால் அதே சட்டம் நடுவில் 13 மில்லிமீட்டருக்கு மேல் தொய்கிறது. ஓடு போல எளிதில் உடையும் பொருளைச் சுமக்கும் சட்டம் தன் நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யலாகாது என்பது விதி, அதாவது இங்கே 8.3 மில்லிமீட்டர். ஏனைய சட்டங்களுக்கு உரிய 240-இல் ஒரு பங்கு, அதாவது 12.5 மில்லிமீட்டர், என்ற தளர்ந்த வரம்பையும் அது தாண்டிவிடுகிறது. ஆழத்தை 180 மில்லிமீட்டராக்கினால் தொய்வு 8-க்குக் கீழ் வரும். ஆகவே முறியாத சட்டம் விதிப்படி போதுமான சட்டம் ஆகிவிடாது. மட்டப்பாவில் ஆண்டுதோறும் திறந்துகொள்ளும் கீறலுக்குக் கலவையை மட்டும் குறை சொல்வதும் சரியாகாது.

இந்தக் கணக்குக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடம் இருக்கிறது. சட்டத்தின் முனை சுவருக்குள் எப்படி அமர வேண்டும் என்பதில் விதி கண்டிப்பாக இருக்கிறது: கற்சுவர் மீதோ கான்கிரீட் மீதோ நேரடியாக அமரும் முனைக்குக் குறைந்தது 75 மில்லிமீட்டர் தாங்குநீளம் வேண்டும், முனை அமரும் குழி காற்றோட்டமாக இருக்க வேண்டும், அதை மூடி அடைக்கக் கூடாது, கூரைச் சட்டங்கள் 75-க்கு 40 மில்லிமீட்டர் அளவுக்குக் குறையாத சுவர்க்கட்டையின் மேல் அமர்ந்து அதனோடு பிணைக்கப்பட வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சினாலும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் பிற்காலத்தில் சிமென்ட் பூசியவர்கள் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதுபோன்ற நாளுக்குப் பிறகு, அப்படிப் பூட்டப்பட்ட முனை விதியின் மொழியில் ஈர இடமாகிவிடுகிறது. ஆகவே பழைய தேக்கை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்ற கேள்விக்கு, ஒவ்வொரு முனையிலும் பூச்சைப் பெயர்த்து, சுத்தியலால் தட்டி ஓசை கேட்டு, கூரிய கம்பியால் குத்திப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். நடுப்பகுதி வைரம் பாய்ந்து கல்லென நின்று முனை மட்டும் மாவாகிப்போன சட்டங்கள் பழைய மரக்கடைகளில் குவிந்திருப்பதைப் பார்த்தவருக்கு இது புரியும். மட்டப்பாவைப் புதிதாகக் கட்டுவது வேறு கதை. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள்கூடச் சுண்ணாம்புக்கும் சுவருக்கும் வெட்டியெடுக்கப்பட்டன; 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டு, 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தபின் அந்த வழி அடைபட்டது.

இரண்டாவது தேர்வாகிய பனை, இந்த மண்ணின் மரம். திருச்செந்தூர், உடன்குடி தேரிக்காட்டுப் பனையைப் பிளந்து எடுத்த கைமரங்கள் தலைமுறைகள் தாண்டி ஓட்டுக்கூரைகளைத் தாங்கியிருக்கின்றன. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் இதே வழக்கம்தான். எனினும் விதியின் முன் நிறுத்துவதற்கு இதைவிடக் கடினமான மரம் இல்லை. தேக்கு உள்ளே வைரமும் வெளியே வெள்ளையும் கொண்டது. பனையில் இது தலைகீழ்: வெளிவளையம் கருத்து இறுகியிருக்க, நடுவே மென்மையான சோறு. முடிச்சை எண்ணியும் ஆண்டுவளையத்தைப் பார்த்தும் தரம் பிரிக்கும் முறை, கிளையும் ஆண்டுவளையமும் இல்லாத ஒரு மரத்திடம் கேட்பதற்கு ஒன்றுமற்றுப் போகிறது. செவ்வகக் குறுக்குவெட்டின் எல்லாப் பகுதியும் ஒரே வலிமையுடையது என்று கொள்ளும் வழக்கமான சூத்திரமும், ஒருபுறம் வைரமும் மறுபுறம் சோறுமாக உள்ள பனங்கைக்கு அப்படியே பொருந்தாது. எனவே சோற்றை முழுதும் செதுக்கி நீக்கி, எஞ்சிய வைரத்தின் அளவை மட்டும் கணக்கில் எடுத்து, மாதிரித் துண்டுகளைச் சோதனைக்கு உட்படுத்திய பிறகே பொறியாளர் கையொப்பமிட இயலும். மாநில மரமாகிய பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021-இன் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்திருப்பதால், நடைமுறையில் இந்தத் தேர்வு இடிக்கப்படும் பழைய வீடுகளின் பனங்கைகளை மறுபடி பயன்படுத்துவதாகவே சுருங்குகிறது.

மூன்றாவது, வ.உ.சி. துறைமுகத்தின் வழியாகத் தடிகளாக வந்து அறுவை ஆலைகளில் சட்டமாகும் அயல்நாட்டு மரம். பர்மாத் தேக்கு என்ற பெயர் இன்றும் கடைகளில் ஒலித்தாலும், மியன்மார் 2014 ஏப்ரலிலேயே தடியாக மரம் ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது என்பதை வாங்குபவர் நினைவில் கொள்ள வேண்டும். ஐ.எஸ். 883-இன் வலிமைப் பட்டியல் பெரும்பாலும் இந்தியாவில் விளையும் மரவகைகளுக்கானது. பட்டியலில் இல்லாத மரத்துக்குப் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தையோ தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தையோ போன்ற ஆய்வகத்தின் சோதனை முடிவு வேண்டும். பைன் போன்ற மென்மரம் விலையில் இறங்கி, நேரான நாரில் ஏறி நிற்கிறது. ஆனால் கரையானுக்கும் பூசணத்துக்கும் அது எளிய இரை என்பதால், ஐ.எஸ். 401 விதிக்கும் பாதுகாப்புப் பதம், அதாவது மருந்தை அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்தும் முறை, இல்லாமல் இக்கரையில் அதைக் கூரைக்கு ஏற்றலாகாது. பதப்படுத்தியபின் அறுத்தாலோ துளையிட்டாலோ, திறந்த பரப்புக்கு மீண்டும் மருந்து பூச வேண்டும். தளத்தில் மறக்கப்படும் வேலை இதுவே.

எந்த மரமானாலும் காற்றின் கணக்கு ஒன்றே. ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டரும் மதுரைக்கு 39 மீட்டரும் அடிப்படைக் காற்றுவேகமாகக் குறிக்கிறது. குறைந்த 39-ஐ எடுத்துக்கொண்டாலும், ஏனைய காரணிகளைச் சேர்க்குமுன் சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட அழுத்தம் கிடைக்கிறது. ரீப்பரோடு சேர்த்த மங்களூர் ஓட்டின் எடையோ ஏறத்தாழ 65 கிலோதான். கூரையின் மேற்பரப்பைக் காற்று உறிஞ்சித் தூக்க, திறந்த தாழ்வாரத்தில் அடியிலிருந்தும் அது தள்ளும்போது, எடையை நம்பி நிற்கும் ஓட்டுக்கூரை தன் எடையாலேயே நிலைக்க இயலாது. காற்றுச்சுமை சில நொடிகளே நீடிப்பது என்பதால் மரத்தின் அனுமதித் தகைவை 1.33 மடங்கு உயர்த்திக்கொள்ள விதி இடந்தருகிறது. ஆனால் துருப்பிடித்த ஆணிக்கு அந்தச் சலுகை உதவாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் கடல் அரிமானத்தை ஆராயத் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் தனிப் பிரிவு வைத்திருப்பதே இக்கரையில் சாதாரண இரும்பின் நிலையைச் சொல்லிவிடும். சுவர்க்கட்டையைச் சுவருக்குள் பிணைக்கும் போல்ட்டும், கைமரத்தைச் சுவர்க்கட்டையோடு கட்டும் பட்டையும் துருவேறா எஃகாக, குறைந்தபட்சம் தடித்த துத்தநாகப் பூச்சுடையனவாக, இருக்க வேண்டும். விளிம்பு வரிசை ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டவும் வேண்டும்.

இவற்றை ஒப்பிட்டால், பழைய மட்டப்பாவைப் பழுதுபார்ப்பவருக்கு, முனைகள் நலமாயிருந்தால் இருக்கும் தேக்கே சிறந்தது. தொய்வு வரம்பை மீறினால், சட்டங்களை மாற்றுவதைவிட நடுவே ஒரு குறுக்கு உத்தரத்தைக் கொடுத்துத் தாங்கிடைத் தூரத்தைப் பாதியாக்குவது மலிவு. புதிய ஓட்டுத் தாழ்வாரத்துக்குச் சோதனைச் சான்றும் பதமும் உள்ள இறக்குமதிச் சட்டமே அனுமதிக்கு எளிய வழி. பனங்கை, கையில் நல்ல பழைய சரக்கும் பொறுமையுள்ள பொறியாளரும் வாய்த்தவருக்கு மட்டும். வரைபடத்தில் மரவகை, தரம், ஈரப்பத அளவு, இட நிலை, பதமுறை ஆகியவற்றை எழுத்தில் குறிப்பதோடு, முனை அமரும் குழியைத் தனிப்படமாகப் பெரிதாக்கி, சட்டத்தின் இருபக்கமும் தலைப்புறமும் விட வேண்டிய காற்றிடைவெளியை மில்லிமீட்டரில் காட்டுவதும் அவசியம். காட்டாவிட்டால், வேலை முடியும் நாளில் கொத்தனார் அந்த இடைவெளியை அரைகுறை வேலையாகக் கருதி, மீந்த கலவையால் நல்லெண்ணத்துடனேயே அடைத்துவிடுவார்.