பென் டிரைவின் கடிகாரம்

ஒரே கோப்பு கணினியில் ஒரு நேரமும் பென் டிரைவில் வேறு நேரமும் காட்டுவதேன் என்று அன்பர்கள் கேட்பதுண்டு. 32 ஜிபி வரையிலான டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் வருபவை. அதில் திருத்திய நேரம் 2 விநாடிக் கணக்கில்தான் பதிவாகும். அது போகட்டும், உலக நேரத்தை விட்டு உள்ளூர் நேரத்தை எழுதுவதுதான் வம்பு.

தேவிகுளத்தில் தந்தை காலை 10 மணிக்கு டிரைவில் பதிந்த பட்டா விவரத்தை, மின்னஞ்சலில் பெற்ற மகன் துபாயில் அன்றே 9.30க்குத் திருத்துகிறார். நமக்கு அப்போது 11 மணி. டிரைவ் பின்னர் துபாய் போனாலும் 10 மணி என்றே காட்டும். 'புதியதை வைத்துக்கொள்' என்றால் மகனின் திருத்தம் போயிற்று! (1906க்கு முன் ஊருக்கொரு நேரம் இருந்தபோது, இரயில்கள் மதராஸ் நேரத்தைப் பிடித்துக்கொண்டதும் இதற்காகவே.)

டிரைவை என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றுங்கள், அது உலக நேரத்தைப் பதியும். மாற்றினால் உள்ளிருப்பவை அழியக்கூடும், முதலில் நகலெடுங்கள்.