22/7 எங்கிருந்து வந்தது?



வட்டம் என்றதும் பள்ளியில் 22/7 போடுகிறோம். இது யார் கணக்கு தெரியுமா?

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடிஸ். வட்டத்தின் உள்ளேயும் வெளியேயும் 96 பக்க உருவங்களை வைத்து, ‘பை’ 3 10/71க்கும் 3 1/7க்கும் நடுவில் இருக்கிறது என்று நிரூபித்தார். அந்த 3 1/7தான் நம்ம 22/7.

நம்ம ஆரியபட்டர் என்ன சொன்னார்? கி.பி. 499இல் அவருக்கு வயது 23. ஆரியபடீயத்தில் அவர் தரும் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்க: 100உடன் 4 கூட்டு, 8ஆல் பெருக்கு, 62,000 சேர். விடை 62,832. விட்டம் 20,000 உள்ள வட்டத்துக்கு இதுதான் சுற்றளவு. வகுத்தால் 3.1416. இதே வட்டத்துக்கு 22/7 போட்டால் 62,857 வரும். 25 கூடிப்போச்சு!

“அப்போ நாமதான் கெட்டிக்காரங்க” என்று மார்தட்டி நிறுத்திவிடாதீங்க. ஆரியபட்டரே அந்தச் செய்யுளில் ‘ஆசன்ன’ என்று ஒரு சொல் வைத்தார். ‘நெருங்கிய மதிப்பு’ என்று பொருள். முடிவான விடை என்று அவர் சொல்லவில்லை. பிற்பாடு கேரளத்து மாதவர் முடிவில்லாத் தொடரால் இன்னும் நெருங்கினார். முன்னோர் பெருமை பேசுவது சுலபம். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் மரியாதை.

வீட்டுப்பாடம்: ஒரு மைலோ டின்னை நூலால் சுற்றி அளங்க. விட்டத்தால் வகுங்க. எவ்வளவு நெருங்கினீங்க?