அறிவியல் பகுதி: சிறுவர்களுக்கு ராக்கெட் விடக் கற்றுத் தந்த ஹாரி ஸ்டைன்



போன வாரம் நம்ம வகுப்பில் சிலர், தீக்குச்சி மருந்தைச் சுரண்டி இரும்புக் குழாயில் அடைத்து ராக்கெட் விடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அதன் பிறகு இந்த மனிதரைப் பற்றிப் படித்தேன். என் எண்ணமே மாறிவிட்டது.

யார் இவர்?

ஜி. ஹாரி ஸ்டைன் 1928-ல் அமெரிக்காவில் பிறந்தவர். நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள ஒயிட் சாண்ட்ஸ் ராக்கெட் தளத்தில் வேலை பார்த்தார். ராக்கெட் வேலையில் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்று 1957-ல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் பல பையன்கள் வீட்டிலேயே மருந்து கலந்து, உலோகக் குழாயில் அடைத்து, விரலையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 4-ல் சோவியத் யூனியனின் ஸ்புட்னிக் விண்ணுக்குப் போனதும் இந்த ஆசை இன்னும் பெருகியது.

செருப்புக் கடைக்காரரின் பார்சல்

ஸ்டைனின் கட்டுரையை நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் படித்தார். இவர் 1954-லேயே காகிதக் குழாயில் சின்ன ராக்கெட் செய்தவர். அதற்குள் மாற்றிப் போடக்கூடிய மோட்டாரும், இறங்கி வர பாராசூட்டும் இருந்தன. அதில் சிலவற்றை ஸ்டைனுக்கு அனுப்பி வைத்தார்.

"விடாதே" என்று திட்டினால் பையன்கள் ஒளிந்து விடுவார்கள். அதைவிடப் பாதுகாப்பான வழியைக் காட்டுவதே மேல் என்பது ஸ்டைனின் கொள்கை. அதற்காகவே 1957-ல் ஒரு சங்கம் தொடங்கி, அதன் முதல் தலைவராக இருந்தார். அதுதான் 'நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி'. இன்றும் அது நடக்கிறது.

மோட்டார் வேலை செய்யும் விதம்

1. மின்சாரத்தால் பற்றவைத்ததும் மருந்து எரிந்து வாயு கீழே பாயும். ராக்கெட் மேலே போகும். (நியூட்டனின் மூன்றாம் விதி!)
2. பிறகு ஒரு மெது மருந்து எரியும். அப்போது தள்ளுவிசை இல்லை. வந்த வேகத்திலேயே ராக்கெட் இன்னும் உயரப் போகும்.
3. கடைசியில் ஒரு சிறு மருந்து முன்பக்கம் வெடித்து மூக்கைத் தள்ளிவிடும். பாராசூட் விரியும்.

நம்ம தீபாவளி ராக்கெட்டுக்குக் குச்சி இருப்பது போல, இதற்கு அடியில் இறக்கைகள் உண்டு. அவை நேராகப் போக வைக்கும்.

சங்கத்தின் விதிகளில் சில

* மருந்தை நீயே கலக்காதே. தொழிற்சாலையில் செய்த மோட்டாரையே பயன்படுத்து.
* உடல் பாகம் காகிதம், மரம், பிளாஸ்டிக் போன்ற லேசான பொருளாக இருக்கட்டும். (காகிதம் வெடித்தால் கிழியும். இரும்பு வெடித்தால் துண்டு துண்டாகப் பாயும்.)
* சிறிய மோட்டார் என்றால் 15 அடி, பெரியது என்றால் 30 அடி தள்ளி நில்.
* 5 நொடி சத்தமாக எண்ணிவிட்டு ஏவு.
* பற்றாவிட்டால் உடனே ஓடிப் பார்க்காதே. மின் இணைப்பைத் துண்டித்து 60 நொடி பொறு.

கடைசி விதியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. புஸ்ஸுன்னு போன வெடியைக் குனிந்து பார்ப்பதுதானே நம்ம பழக்கம்!

நாற்பது ஆண்டுத் தொண்டு

ஸ்டைன் 1965-ல் மாதிரி ராக்கெட் கையேடு ஒன்றை வெளியிட்டார். அறிவு வளர வளர அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1994-ல் ஆறாம் பதிப்பு வந்தது. 1997 நவம்பரில் அவர் காலமானார். ஏழாம் பதிப்பு 2004-ல் அவர் மகனின் கையால் வெளிவந்தது.

உங்களுக்குத் தெரியுமா? லீ கோரி என்ற புனைபெயரில் அறிவியல் கதைகளும் எழுதியவர் ஸ்டைன்!

நண்பர்களே, பெரிய ராக்கெட் விட்டவர்களை உலகம் புகழ்கிறது. விரல் போகாமல் காத்தவர்களை யார் எண்ணிப் பார்க்கிறோம்? அந்த இரும்புக் குழாயை நாங்கள் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டோம். அறிவியல் கண்காட்சிக்கு சார் மேற்பார்வையில் பாட்டிலும் தண்ணீரும் சைக்கிள் பம்பும் வைத்து ராக்கெட் விடப் போகிறோம். தள்ளி நின்று, ஐந்து எண்ணித்தான்!

சிந்திக்க: மோட்டார் அணைந்த பிறகும் ராக்கெட் மேலே போவது ஏன்? விடையை நாளை அறிவியல் வகுப்பில் சொல்லுங்கள்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்