விலைக்கா, வருவாய்க்கா: மக்காச்சோள விவசாயி எந்த மானியத்தைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், புளூமிங்டனைச் சுற்றியுள்ள மக்லீன் கவுண்டியின் கரிய மண்ணில் மக்காச்சோளமும் சோயாவும்தான் பெரும் பயிர்கள். அங்கே அரசு மானியத்துக்கு முக்கியமாக இரண்டு வழிகள்: விலைச் சரிவை ஈடுகட்டும் பிஎல்சி, வருவாய்ச் சரிவை ஈடுகட்டும் ஏஆர்சி. இரண்டும் 2014 பண்ணைச் சட்டத்தில் வந்தவை. 2025 விளைச்சலுக்கு மட்டும் எது அதிகமோ அதுவே தானாகக் கிடைக்கும். 2026 முதல் விவசாயிதான் முடிவெடுக்க வேண்டும்.

பிஎல்சி

2025இல் திருத்தப்பட்ட சட்டம் ஓர் ஆதார விலையை வைத்திருக்கிறது: மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு 4.10 டாலர், சோயாவுக்கு 10 டாலர். முந்தைய ஆண்டுகளில் நல்ல விலை கிடைத்திருந்தால் இது 15 சதவீதம் வரை உயரலாம். நாட்டின் சராசரி விலை அதற்குக் கீழே போனால், குறைகிற அளவு பணமாக வரும். அந்த ஆண்டின் விளைச்சல் கணக்கில் வராது; நிலத்துக்கு முன்பே பதிவான விளைச்சலை வைத்தே கணக்கிடுவார்கள்.

ஏஆர்சி

கவுண்டியின் ஐந்தாண்டு விளைச்சலையும் நாட்டு விலையையும் எடுத்து, உச்சத்தையும் அடிமட்டத்தையும் நீக்கிச் சராசரி காண்கிறார்கள். இரண்டையும் பெருக்கினால் வரும் வருவாயில் 90 சதவீதத்துக்கு உத்தரவாதம். ஈட்டுத்தொகை அந்தச் சராசரி வருவாயில் 12 சதவீதத்தைத் தாண்டாது. இதில் பார்ப்பது கவுண்டியின் சராசரியை. உங்கள் வயலை மட்டும் ஆலங்கட்டி மழை அழித்து, கவுண்டியில் மற்ற இடமெல்லாம் நன்றாக விளைந்திருந்தால் ஒரு டாலரும் வராது. அந்த இழப்புக்குத் தனியே பயிர்க் காப்பீடு வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கவுண்டிச் சராசரி ஏக்கருக்கு 200 புஷல், சராசரி விலை 4.50 டாலர் என்று கொள்வோம். ஏஆர்சி உத்தரவாதம் 810 டாலர். பிஎல்சிக்குப் பதிவான விளைச்சல் 170 புஷல்.

- விலை 4.00, விளைச்சல் 190: ஏஆர்சி ஏக்கருக்கு 50 டாலர், பிஎல்சி 17.
- விலை 3.40, விளைச்சல் 220: ஏஆர்சி 62 டாலர், பிஎல்சி 119.

இரண்டிலும் அடிப்படை ஏக்கரில், அதாவது பழைய சாகுபடியை வைத்து அரசிடம் பதிவான ஏக்கரில், 85 சதவீதத்துக்கே பணம்.

எது யாருக்கு?

விலை மிதமாக இறங்கி, கவுண்டி முழுவதும் விளைச்சலும் குறையும் என்று பட்டால் ஏஆர்சி. நல்ல விளைச்சலிலும் விலை அடிமட்டத்துக்குப் போகும் என்று அஞ்சினால் பிஎல்சி. விலை மந்தம் பல ஆண்டுகள் நீடித்தால் சராசரியோடு ஏஆர்சி உத்தரவாதமும் ஓரளவு இறங்கும். பிஎல்சியின் ஆதார விலையோ சட்டத்தில் எழுதியதற்குக் கீழே போகாது. மக்காச்சோளத்துக்கு ஒன்று, சோயாவுக்கு மற்றொன்று என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

கையெழுத்துக்கு முன்

பணம் அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் வரும். இந்தப் பருவத்தின் விதைக்கும் உரத்துக்கும் அதை நம்பக் கூடாது. ரொக்கக் குத்தகை என்றால் மானியம் பயிரிடுபவருக்கு. பங்குக் குத்தகை என்றால் நில உரிமையாளருக்கும் பங்குண்டு. அந்த நிலத்துக்கு எத்தனை அடிப்படை ஏக்கர், என்ன விளைச்சல் பதிவாகியிருக்கிறது என்பதைக் குத்தகை பேசும்போதே கேட்டுவிடுங்கள். பதிவு குறைவான நிலத்துக்கு உயர்ந்த குத்தகை கொடுத்தவருக்கு எந்தத் திட்டமும் கைகொடுக்காது.

போன ஆண்டு எது அதிகம் தந்தது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் கடனையும் கையிருப்பையும் எடுத்து வைத்து, எந்தச் சரிவை உங்களால் தாங்க முடியாதோ அதற்குக் காப்பு தரும் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.