பன்னிரண்டு இலக்கம்

கணிப்பொறி என்றதும் நம் கல்லூரி ஆய்வகமே நினைவுக்கு வரும். எங்கள் வால்பாறை எஸ்டேட் லயத்துக்கு வந்ததோ, சுகாதாரச் செவிலியரின் கைக்குள் அடங்கியது. தமிழகத்தில் 2008இல் தொடங்கிய ‘பிக்மி’ முறையில் கருவுற்ற தாய்மாரைப் பதிவு செய்கின்றனர். இன்று ஒவ்வொருவருக்கும் 12 இலக்க எண் உண்டு. எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் யாவும் அவ்வெண்ணின்கீழ் சேரும்.

சென்ற ஆடி மழையில் லயத்துக் கூரை ஒழுகி அண்ணியின் மருத்துவ நோட்டு நனைந்து, மை கலைந்தது. வலி கண்டதும் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொள்ளாச்சிக்கு இறக்கினோம். என் கைபேசியில் எண் மட்டும் இருந்தது. அதைச் சொன்னதும், இரத்தம் குறைவென்று கண்டு மருத்துவர் முன்கூட்டியே இரத்தம் ஏற்பாடு செய்தார்.

எல்லாம் பொறியின் பெருமை என்று எண்ண வேண்டாம். சிக்னல் கிடைக்காத நாளில் செவிலியர் அக்கா நோட்டில் குறித்து, மாலையில் மேட்டுக்கு ஏறி நின்றுதான் பதிவு செய்கிறார்.