குடும்பத்திற்கு ஏற்ற முதல் குதிரை

முன்னுரை

மனிதன் பழக்கிய விலங்குகளுள் அவனுடைய போர்களிலும் பயணங்களிலும் நெடுங்காலம் உடன் வந்தது குதிரை. மோட்டார் வண்டி வந்த பின் அதன் வேலை குறைந்தது. ஆயினும் அதன்மேல் மனிதன் கொண்ட அன்பு குறையவில்லை. பிரிட்டனில் பல குடும்பங்கள் இன்றும் தங்கள் பிள்ளைகள் சவாரி பழகுவதற்கென்று ஒரு குதிரையை வாங்கி வளர்க்கின்றன. நம் ஊரில் உழவு மாடோ கறவை மாடோ வாங்குவதற்கு முன் வீட்டுப் பெரியவர்கள் சுழி பார்த்து, பல் பார்த்து, நடை பார்த்து, நாலு பேரைக் கேட்டு முடிவு செய்வதை நாம் அறிவோம். அங்கே முதல் குதிரை வாங்கும் குடும்பத்திற்கும் அத்தனை கவனமும் வேண்டும். அதற்கு மேலும் வேண்டும். ஏனெனில் ஏறத்தாழ அரை டன் எடையுள்ள ஓர் உயிரின் முதுகில் அவர்கள் ஏற்றி உட்கார வைக்கப் போவது தங்கள் குழந்தையை அன்றோ! அவர்கள் எவற்றைப் பார்க்க வேண்டும், எவற்றில் மயங்கிவிடக் கூடாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குதிரையின் இயல்பு

குதிரையின் குணத்தை அறிய வேண்டுமானால் அதன் பழைய வாழ்வை முதலில் அறிய வேண்டும். அது பரந்த புல்வெளிகளில் கூட்டமாக மேய்ந்து வாழ்ந்த விலங்கு. அதற்குக் கொம்பு இல்லை; கூரிய நகமும் இல்லை. ஓநாயைக் கண்டால் எதிர்த்து நிற்பதைவிட ஓடுவதையே அது நாடும். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், ஏறத்தாழ 350 பாகை அளவிற்குத் தன்னைச் சுற்றிலும் பார்க்க வல்லது. அதற்குத் தெரியாத இடங்கள் இரண்டே. ஒன்று நேர் பின்புறம். மற்றொன்று நெற்றிக்கு நேர் முன்னே உள்ள சிறு இடம். இதனால்தான் குதிரையின் பின்னால் ஓசையின்றிச் செல்லக் கூடாது என்றும், குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக அணுக வேண்டும் என்றும் குதிரையேற்றப் பள்ளிகளில் தொடக்கத்திலேயே கற்பிக்கிறார்கள்.

காற்றில் பறக்கும் ஒரு காகிதப் பையும் குதிரையின் கண்ணுக்குப் பகையாகத் தோன்றலாம். ஆகவே அச்சமே அறியாத குதிரை என்று ஒன்று இல்லை. அமைதியான குதிரை என்பது, அஞ்சினாலும் உடனே பாய்ந்து ஓடிவிடாமல், நின்று பார்த்து, தன்மேல் இருப்பவரின் குரலுக்குச் செவி கொடுக்கும் குதிரையே ஆகும். இப்பண்பு ஓரளவு பிறவியிலேயே அமைவது. மீதி, பொறுமையுள்ளவர்கள் கையில் வளர்ந்து பல ஆண்டுகள் பழகியதால் வருவது.

அழகா, குணமா?

குதிரை வாங்கப் போகும் வீட்டுப் பிள்ளை முதலில் பார்ப்பது நிறத்தை. பால் போன்ற வெள்ளை உடல், நெற்றியில் நட்சத்திரம், அலையலையாய்ப் பிடரி மயிர் என்றால் மனம் அங்கேயே நின்றுவிடும். அனுபவம் உள்ளவர்களோ நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். 'தரோபிரெட்' எனப்படும் பந்தயக் குதிரை பார்க்க மிக அழகானது. பல தலைமுறைகளாக வேகத்திற்கென்றே வளர்க்கப்பட்டது. பந்தயத்தை விட்டு வந்த குதிரைகள் சில வேளைகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. கைதேர்ந்தவரிடம் அவை நன்றாகவே பழகும். ஆனால் கால் சற்றுத் தட்டினாலே பாய வேண்டும் என்று பழகிய குதிரைக்கு, தடுமாறித் தட்டும் குழந்தையின் காலும் அதே கட்டளையாகவே படும்.

அடுத்துப் பலர் மயங்குவது வயதில். குதிரைக்குட்டியும் நம் பிள்ளையும் சேர்ந்து வளரட்டும் என்று பெற்றோர் ஆசைப்படுவர். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் இருவருமே மாணவர்களானால் ஆசிரியர் யார்? குதிரை முழு வளர்ச்சி அடையவே 5 அல்லது 6 ஆண்டுகள் ஆகும். அதன்பின் சாலை, ஆறு, கூட்டம், இடி முழக்கம் எல்லாம் கண்டு பக்குவப்படப் பின்னும் சில ஆண்டுகள் வேண்டும். எனவே பத்து வயதைத் தாண்டிய குதிரையே முதல் குதிரைக்கு ஏற்றது என்பர். நன்கு பேணினால் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். ஆதலால் 15 வயதுக் குதிரையைக் கிழக்குதிரை என்று ஒதுக்க வேண்டியதில்லை. பல பிள்ளைகளைத் தாங்கிய முதுகு அது. சவாரி கற்கும் பிள்ளைக்கு அதுவே ஆசிரியர்.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பது நம் பழமொழி. விலை கொடுத்து வாங்கும் குதிரையின் பல்லையோ பார்த்தே ஆக வேண்டும். ஏறத்தாழ 5 வயதில் அதன் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் நிறைந்துவிடும். அதற்குப் பின் பல்லின் தேய்மானத்தையும் சாய்வையும் கொண்டு வயதை ஓரளவு கணிக்கலாம். இன்று பிரிட்டனில் ஒவ்வொரு குதிரைக்கும் அதன் அடையாளங்களைக் குறித்த பாஸ்போர்ட் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதையும் கேட்டு வாங்கிப் பார்த்தல் நலம்.

ஆண் பெண் வேறுபாடும் கருதத் தக்கது. பொலிகுதிரை தொடக்க நிலையினருக்கு ஏற்றதன்று. காயடித்த ஆண் குதிரையின் குணம் பெரும்பாலும் நாளுக்கு நாள் மாறாதிருக்கும் என்பதால் பலர் அதையே விரும்புவர். சாந்தமான பெட்டைக் குதிரைகளும் நிறைய உண்டு.

உயரமும் இனமும்

குதிரையின் உயரத்தை 'கை' என்ற அளவால் குறிப்பர். ஒரு கை 4 அங்குலம். தரையிலிருந்து, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேடு வரை அளப்பது வழக்கம். பொதுவாக 14 கை 2 அங்குலத்திற்கு மேற்படாதவற்றை மட்டக்குதிரை என்பர்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள தீவுகளில் தோன்றிய ஷெட்லாந்து மட்டக்குதிரை 42 அங்குலத்திற்கு மேல் வளராது. ஆனால் உடல் அளவிற்கு மிகுந்த வலிமை உடையது. பெண்களும் சிறுமியரும், பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடிச் சுரங்கங்களில் வேலை செய்வதைப் பிரிட்டன் 1842இல் சட்டத்தால் தடுத்தது. அதற்குப் பின் நிலக்கரி வண்டிகளை இழுக்க இக்குதிரைகள் பெருமளவில் சுரங்கங்களுக்குள் கொண்டு செல்லப்பட்டன. பிள்ளைகளின் சுமையைத் தன் தோளில் ஏற்றுக்கொண்ட இச்சிறு விலங்கை நினைக்கையில் நம் நெஞ்சம் நெகிழ்கிறது. இன்று அது சின்னஞ்சிறு பிள்ளைகளின் தோழன். உருவம் சிறிதென்று குணம் பார்க்காமல் வாங்கிவிடக் கூடாது. பிடிவாதம் மிக்க மட்டக்குதிரைகளும் உண்டு.

தாயும் மகளும் ஒரே குதிரையில் மாறி மாறிச் சவாரி செய்ய விரும்பும் குடும்பத்திற்கு ஹைலண்ட், கானமாரா போன்ற இனங்கள் பொருந்தும். ஹைலண்ட் மட்டக்குதிரை ஸ்காட்லாந்து மலைகளில் வேட்டையாடிய மான்களைச் சுமந்து இறங்கிய இனம், பெரியவர்களையும் தாங்கும். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பலர் கைக்கொள்ளும் கணக்கு.

நேரில் ஆராய்தல்

பாண்டிய மன்னனுக்காக வந்த பரிகள் இரவில் நரிகளாக மாறிய கதையை நாம் படித்திருக்கிறோம். பகலில் சாதுவாக நின்ற குதிரை வீட்டிற்கு வந்த பின் வேறு குதிரையாகிவிட்டது என்று வருந்துவோர் இன்றும் உண்டு. ஆகவே ஒரு முறை பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிள்ளைக்குச் சவாரி கற்பிக்கும் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு, இரண்டு மூன்று முறையேனும் செல்ல வேண்டும். அங்கே கவனிக்க வேண்டியவை இவை:

1. மேய்ச்சல் நிலத்தில் அழைத்தால் வருகிறதா, பிடிகொடாமல் ஓடுகிறதா?

2. நான்கு குளம்புகளையும் தூக்கித் துடைக்க விடுகிறதா? சேணம் பூட்டும்போது காதுகளைப் பின்னுக்கு மடக்குகிறதா? மடங்கிய காது கோபத்தின் அடையாளம்.

3. விற்பவர் முதலில் ஏறிக் காட்டுகிறாரா? அவரே ஏறத் தயங்கும் குதிரையில் நம் பிள்ளையை ஏற்றலாகாது. அவருக்குப் பின் ஆசிரியரும், அவருக்கும் பின்னரே பிள்ளையும் ஏற வேண்டும்.

4. சாலையில் லாரி கடந்து போகும்போது எவ்வாறு நடந்துகொள்கிறது? மற்றக் குதிரைகளை விட்டுத் தனியே வர மறுக்கிறதா?

5. நாம் போகும்போதே வியர்த்திருக்கிறதா? துள்ளல் அடங்கட்டும் என்று முன்னதாகவே ஓட்டிக் களைப்படையச் செய்திருக்கலாம்.

இவை அனைத்தும் நிறைவாக இருப்பின், விற்பவருக்கு வேண்டியவரல்லாத கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். பிரிட்டனில் முழுச் சோதனை ஐந்து கட்டங்களாக நடைபெறுகிறது: நிற்க வைத்து இதயம், கண், பல், கால்களைப் பார்த்தல்; நடக்கவும் மெல்ல ஓடவும் விட்டுப் பார்த்தல்; சவாரி செய்து மூச்சைக் கவனித்தல்; ஓய்வுக்குப் பின் மீண்டும் பார்த்தல்; இறுதியாக மறுபடி ஓடவிட்டு நொண்டல் உண்டா என அறிதல். இரத்தமும் சிறிது எடுத்துச் சில மாதங்கள் பாதுகாத்து வைப்பர். மயக்க மருந்து கொடுத்துக் குதிரையை அமைதியாகக் காட்டினார்களோ என்ற ஐயம் பின்னர் எழுந்தால் அதைக் கொண்டு அறியலாம். உடனே வாங்காமல், சில மாதங்கள் இரவலாகப் பெற்றுப் பழகிப் பார்க்கும் வழக்கமும் அங்கே உண்டு.

பிரிட்டனில் 1929இல் தொடங்கிய 'போனி கிளப்' என்ற சிறுவர் சங்கத்தின் கிளைகள் இவ்வகையில் பெரிதும் உதவுகின்றன. பிள்ளை உயரமாக வளர்ந்துவிட்டதால் வேறு வீடு தேடும் நல்ல மட்டக்குதிரைகள் அங்குள்ளோர்க்குத் தெரிந்திருக்கும். பல ஆண்டுகளாக ஊரார் கண்முன் நடந்த குதிரையைவிட நம்பத்தக்கது எது?

வாங்கினால் போதுமா?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்துப் பயணி, இந்நாட்டு மன்னர்கள் அரபு நாட்டிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், பேணத் தெரிந்தவர் இல்லாததால் அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டிற்குள் மடிந்தன என்றும் எழுதியிருக்கிறார். வாங்குவது ஒரு நாள் வேலை. வளர்ப்பது நாள்தோறும் செய்யும் வேலை.

குதிரைக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவில் தீனி தேவை. 400 கிலோ குதிரைக்கு அது சுமார் 8 கிலோ உலர்ந்த புல்லுக்குச் சமம். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும். தேவையானால் லாடம் கட்ட வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆதலால் அதன் வயிற்று வலி உயிருக்கே ஆபத்தாகலாம். தானியத்தை அளவின்றிக் கொடுத்து, வேலையும் கொடுக்காமல் லாயத்திலேயே கட்டிப்போட்டால், எத்தனை சாதுவான குதிரையும் துள்ளத்தான் செய்யும். கூட்டத்தில் வாழப் பிறந்த உயிருக்குத் துணையும் வேண்டும். சவாரி செய்பவர் தலைக்கவசமும், அங்கவடியில் கால் நழுவிச் சிக்காதவாறு குதி உயர்ந்த காலணியும் அணிதல் கட்டாயம்.

ஆனா சூவெல் என்ற ஆங்கிலப் பெண்மணி 1877இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' என்னும் கதையில் மெரிலெக்ஸ் என்றொரு மட்டக்குதிரை வருகிறது. சிறுமியரிடம் அத்தனை சாதுவான அது, அடித்து அடித்து ஓட்டிய சிறுவர்களை மட்டும் முதுகிலிருந்து மெல்லச் சரித்து இறக்கிவிடுகிறது. சாந்தமான உயிரின் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

நம்பிக்கையின் வெற்றி

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்ற மங்கை 1944இல், தம் 23ஆம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் செயலிழந்தன. ஆயினும் ஜுபிலி என்ற குதிரையோடு விடாது பயின்றார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையைச் சிறு சைகைகளாலேயே நடத்திக் காட்டும் 'டிரெசாஜ்' போட்டி முதன்முறையாகப் பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டது. பிறர் தூக்கி ஏற்றிவிட வேண்டிய நிலையிலும் அவர் ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956இலும் வெள்ளி வென்றார். காலால் கட்டளையிட இயலாத ஒருவரின் உடல் அசைவையே அறிந்து நடந்தது அக்குதிரை. பொறுமையோடு பழகியதற்குக் கிடைத்த பரிசு அது.

முடிவுரை

தோழியரே! நம்முள் பலர் குதிரை வாங்கப் போவதில்லை. எனினும் இதில் நமக்குப் பாடம் உண்டு. தவறாகத் தேர்ந்த குதிரையால் பிள்ளை மட்டும் துன்புறுவதில்லை. 'பொல்லாத குதிரை' என்ற பெயரோடு அக்குதிரையும் கைமாறிக் கைமாறி அல்லலுறும். அதன்மேல் குற்றமில்லை, தனக்குப் பொருந்தாத இடத்திற்கு அது வந்து சேர்ந்தது, அவ்வளவே. நிறத்தையும் வேகத்தையும் கண்டு மயங்காமல், குணத்தையும் அனுபவத்தையும் நாடி, பெரியவர்களைக் கேட்டு, பொறுத்திருந்து தேர்ந்தால் இரண்டு உயிர்கள் நலம் பெறும். தேர்ந்த பின் அதன் பசியும் தாகமும் நோவும் நம் பொறுப்பு என்று உணர்ந்து நடப்பதே உண்மையான அன்பாகும்.